இரண்டு ஆண்டா, ஓர் ஆண்டா?

மணவிலக்குச் சட்டம் நம் நாட்டில் பெரும்பாலும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. மதத்துக்கு மதம் மாறுகிறது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வேறுபாடு கண்கூடு.

பரஸ்பர சம்மதத்துடன் பிரிய விரும்பும் இந்துத் தம்பதியர், இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும். கிறிஸ்தவர்களுக்கு அந்த வழி 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் திறந்தது. அதுவும் இரண்டு ஆண்டுப் பிரிவைக் கேட்கிறது. இது பாரபட்சம் என்று கூறிய கேரள உயர் நீதிமன்றம், 2010-இல் அதை ஓர் ஆண்டாகக் குறைத்தது. நாடாளுமன்றமோ சட்ட வாசகத்தைத் திருத்தவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் தீர்ந்த கேள்வி இது. சட்டப் புத்தகத்தைப் புரட்டும் மார்த்தாண்டத்துத் தம்பதியின் கண்ணில் இன்றும் படுவது ‘இரண்டு ஆண்டு’தான்.

மனு செய்ய வழக்கறிஞர் கட்டாயமில்லை. இருவரும் சேர்ந்து தாமே தாக்கல் செய்யலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் முன்னிலையாகிச் சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும். இந்து திருமணச் சட்ட வழக்குகளில், தகுந்த காரணமிருந்தால் இக்காத்திருப்பைத் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

ஆனால், எளிய வழியில் ஏமாற்றமும் எளிது. சீதன நகை, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் வரையறுக்காமல் கையெழுத்திடும் பெண்ணே பெரும்பாலும் இழக்கிறார். வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவச உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை முதலில் அணுகுவது நல்லது.

ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களின் துயரத்துக்கு இருவேறு கால அளவுகள் எதற்கு? ஒரு சொல்லைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு ஒரு நாள் போதும்.