ஹெலிச் சத்தம் கேட்டால் இப்போது பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து முழுவதும் வாசியுங்கள்.

படிப்பித்துக்கொண்டிருக்கும்போது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடிவிடுவார்கள். அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவார்கள். நான் ஏசுவதில்லை. அவர்களின் வயதில் அதே சத்தத்துக்கு நான் வீட்டுக்குள் ஓடியவன். "உள்ளுக்கு வா மகன்" என்று உம்மா கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

2024 மார்ச்சில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் விமானப்படையின் 73ஆவது ஆண்டு நிறைவுக் கண்காட்சி நடந்தது. காசு கட்டி ஹெலியில் ஏறி யாழ் நகரைச் சுற்றிப் பார்க்கவும் அங்கே வாய்ப்பு இருந்தது. அந்தப் படங்களை ஃபோனில் பார்த்த தரம் 9 மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், எங்கட திருகோணமலைக்கும் இது வருமா?"

வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். "ஆத்தைக் கடக்கவே வழியில்லாமல் சனம் பட்ட பாடு போதாதா, இதில் ஹெலி ஒரு கேடா?" என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஊரை மேலிருந்து பார்த்தவர்கள் இதுவரை எதற்காகப் பார்த்தார்கள்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்தது துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் குண்டு போட. பிறகு எங்கள் நாட்டுப் போரில் ஆகாயத்திலிருந்து என்ன வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அடித்த பிறகு, உதவி வருமா என்று நாங்களே வானத்தைப் பார்த்து நின்றோம். இப்படிப்பட்ட ஊரை வெறும் அழகுக்காக மேலிருந்து பார்க்க ஒருவர் காசு கொடுத்து வருகிறார் என்றால், அது சமாதானம் தந்த வசதி. அல்ஹம்துலில்லாஹ். அதை நான் வெறுக்கமாட்டேன்.

நடக்க முடியாத காரியமும் இல்லை. சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது. 1983இல் தொடங்கிய விமானப்படையின் ஹெலிடுவர்ஸ் போர் முடிந்த பிறகு மறுபடியும் பயணிகளை ஏற்றியது. என் கேள்வி வேறு. எதைக் காட்டப்போகிறார்கள்? யார் பார்க்கப்போகிறார்கள்?

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, பிரட்ரிக் கோட்டை, துறைமுகம், நிலாவெளி, புறாத்தீவு. எவரைக் கேட்டாலும் இந்த வழியைத்தான் சொல்வார்கள். எல்லாம் அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அந்த மாணவன் கேட்ட மறுநாள் நான் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். "நீங்கள் ஹெலியில் இருக்கிறீர்கள். கீழே தெரிகிற உங்கள் ஊரை வரையுங்கள்." பலர் மலையும் கப்பலும் கீறினார்கள். குறிஞ்சாக்கேணிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் தண்ணீரைக் கீறி, நடுவில் படகுப் பாதையையும் அதில் புள்ளி புள்ளியாக ஆட்களையும் வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "அதிலதானே சேர் நாங்க வந்த" என்றான்.

2021 நவம்பர் 23 காலை அந்தப் படகுப் பாதை கவிழ்ந்ததை இந்த ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் மௌத்தானார்கள். புதுப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த இடம் நீல நிறத்தில் ஒரு கோடாகத்தான் தெரியும்.

புவியியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாவட்டத்தை விளங்கிக்கொள்ள மேலிருந்து பார்ப்பதைப் போல ஒரு பாடம் இல்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் எப்படி வந்து விழுகிறது, நேரே எதிர்க்கரையில் தெரியும் மூதூருக்குத் தரையால் போக ஏன் குடாவைச் சுற்ற வேண்டியிருக்கிறது, 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் எதை மாற்றியது என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களும் காட்டுக்குள் வட்டம் வட்டமாகத் தெரியும். 2022 ஜனவரியில் அவற்றில் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்தியன் ஒயில் நிறுவனமும் கூட்டாக அபிவிருத்தி செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். உலகமே கண்வைத்திருக்கும் அந்தக் குதங்களில் ஒன்றைக்கூட எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே ஹெலிச் சுற்றுலா பற்றி யோசிப்பவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். ஒன்று, கடற்கரையோடு திரும்பிவிடாமல் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுங்கள். இரண்டு, கோயில், பள்ளிவாசல், பன்சாலை, பாடசாலைகளுக்கு மேலால் தாழப் பறக்காதீர்கள். ஜும்ஆ நேரத்திலும் பரீட்சை நாட்களிலும் அந்தச் சத்தம் வேண்டாம். மூன்று, ஹெலி ஓடும் செலவுக்கு எங்கள் ஊர்ச் சனத்தால் டிக்கட் எடுக்க முடியாது. ஆகவே மாதத்தில் ஒரு சுற்றையாவது தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே ஹெலியில் இருக்கட்டும்.

முதல் பயணம் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கு வேண்டாம். எங்கள் பாலங்களுக்கும் வீதிகளுக்கும் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் ஏற்றுங்கள். நேரம் காலை ஏழு மணியாக இருக்கட்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரம் அது. யார் எந்தத் தண்ணீரைச் சுற்றி எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.