பாவம், ரப்பர்!

"வளையம் போய்விட்டது, ஸார்!"

எண்ணெய் ஒழுகும் யந்திரம் எதுவானாலும் நம் ஊரில் வழங்கப்படும் தீர்ப்பு இதுதான். மண் அள்ளும் யந்திரமாகட்டும், தொட்டியைத் தூக்கிக் கொட்டும் லாரியாகட்டும், அதன் ஹைட்ராலிக் சிலிண்டரின் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் ஓ-ரிங் என்ற அந்த ரப்பர் வளையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். மலிவான சாமான், வக்கீல் வைத்துக்கொள்ள அதற்கு வசதியில்லை. புது வளையமும் ஒழுகினால் அடுத்த யோசனை தயாராக இருக்கிறது: "இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் போடு, இறுக்கமாக இருக்கட்டும்!"

இந்த 'இறுக்கம்' என்ற மூடநம்பிக்கையைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ரப்பரை நசுக்கலாம், அதன் கன அளவைக் குறைக்க முடியாது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். ஆகவே அது குடியிருக்கும் காடியில் (பட்டறையில் 'குரூவ்' என்பார்கள்) பிதுங்குவதற்கு இடம் விட வேண்டும். 3.53 மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம், மூடி போன்ற அசையாத பாகத்தில் உட்கார வேண்டுமானால், காடியின் அடியிலிருந்து எதிர்ச் சுவர் வரை சுமார் 2.85 மில்லிமீட்டர் ஆழம். அகலம் சுமார் 4.8. தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு நசுங்குகிறது. காடியில் ஏறக்குறைய 30 சதவீதம் காலியாகவே நிற்கிறது. இந்தக் காலியிடம் டர்னரின் கவனக்குறைவு அல்ல. எண்ணெய் அதில் புகுந்து வளையத்தை மறுகோடிக்குத் தள்ளுகிறது. அழுத்தம் ஏற ஏற வளையம் இன்னும் பலமாக அடைக்கிறது. எதிரியின் பலத்தில் பாதியை வாங்கிக்கொண்டு எதிரியோடு மோதிய வாலியின் கதைதான்!

இதே காடியில் 4 மில்லிமீட்டர் வளையத்தைத் திணித்தால் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பும். சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். போக்கிடமில்லாமல் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். காடி விளிம்பில் பிசிர் நின்றாலோ, மாட்டும்போதே சீவப்பட்டுவிடும். அப்புறம் என்ன? "வளையம் போய்விட்டது, ஸார்!"

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சென் 1939-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அந்தக் கிழவர் உரிமை கேட்டது வெறும் வளையத்துக்கு அல்ல. காடியில் அமர்ந்த வளையத்துக்கு.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர்கள் லட்சணம் என்ன? 1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறி ஏழு பேர் மாண்டார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் சூடான வாயுவைத் தடுக்க வேண்டிய ஓ-ரிங் தடுக்கவில்லை. விசாரணையில் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன் ரப்பர்த் துண்டொன்றைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி, குளிரில் அது விறைப்பதைக் காட்டினார். உண்மைதான். ஆனால் உலகம் அந்தக் கண்ணாடித் தம்ளரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு ரப்பரின் தலையில் பழியைப் போட்டது. ராக்கெட்டைப் பற்றவைத்ததும் உலோகச் சுவர் உப்பி, வளையம் அடைக்க வேண்டிய இடுக்கே அகன்றுவிடும் என்பது 1977-ஆம் வருஷச் சோதனைகளிலேயே தெரிந்திருந்தது. விலகி ஓடும் சுவரை ரப்பர் துரத்திப் பிடிக்க வேண்டும். குளிரில் அதனால் முடியவில்லை. முதல் நாள் இரவே, கிளப்ப வேண்டாம் என்று என்ஜினீயர்கள் மன்றாடினார்கள். விசாரணைக் குழு கடைசியில் குற்றம் சாட்டியது இணைப்பின் அமைப்பைத்தான். 1988-இல் மறுபடி பறப்பதற்குமுன் மூன்றாவது வளையம் ஒன்று வைத்தார்கள், ஹீட்டர் சுற்றினார்கள். முக்கியமாக, சுவர் விலகாதபடி பிடித்துக்கொள்ள உலோகத்திலேயே ஓர் உதடு சேர்த்தார்கள்.

அங்கே ஏழு பேர் போன பிறகு உலோகத்தில் கை வைத்தார்கள். இங்கே, காடியை அளந்து பிசிர் நீக்க அரை மணி கேட்கும் டர்னரிடம், "ஒரு துண்டு ரப்பருக்கு இவ்வளவு கூலியா?" என்று வண்டிச் சொந்தக்காரர் சண்டை பிடிக்கிறார். தூக்கிய தொட்டிக்குக் கீழே கிரீஸ் டப்பாவோடு குனிந்து நிற்கிற பையனை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.