'அரிசியைக் குறைங்க' என்று சொன்னால் போதுமா? டயட்டீஷியனைப் பார்ப்பதால் என்ன மாறும்?

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் உணவு ஆலோசனை ஒரு வரிதான். "அரிசியைக் குறைங்க, இனிப்பைத் தொடாதீங்க, தினமும் நடங்க." அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். டாக்டரையும் குறை சொல்ல முடியாது, வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

ஆனால் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அரிசியைக் குறைத்தால் பசிக்கு எதைச் சாப்பிடுவது? இரவு ஷிப்ட் என்றால் எது காலைச் சாப்பாடு, எது இரவுச் சாப்பாடு? அப்புறம், டீயை என்ன செய்வது?

ஒரு வாரம் கஷ்டப்பட்டு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துவார். எட்டாவது நாள் பசி தாங்காமல் ராத்திரிக் கடையில் நாலு பரோட்டா உள்ளே போகும். 'நமக்கெல்லாம் டயட் சரிப்பட்டு வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். அவருக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் பேசுவார்கள். உண்மையில் அவருக்குக் கிடைத்தது அறிவுரை மட்டும்தான், திட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இந்தியாப்' ஆய்வு முடிவுகள் 2023-ல் வெளியாகின. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் டீக்கடை பெஞ்சில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மருந்து கிடைப்பதில் தமிழ்நாடு மோசமில்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. மாத்திரை வீடு வரை வந்துவிட்டது. ஆனால் மாத்திரை கொடுக்க வருகிறவருக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுத் தட்டை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. அதற்கென்று படித்தவர்தான் டயட்டீஷியன், தமிழில் உணவியல் நிபுணர்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்?

நல்ல டயட்டீஷியன் முதல் சந்திப்பில் எதையும் 'சாப்பிடக் கூடாது' என்று தொடங்க மாட்டார். நேற்று காலை எழுந்ததிலிருந்து இன்று காலை எழுந்தது வரை என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள் என்று கேட்பார். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் சமைத்தது, எண்ணெய் மாதம் எத்தனை லிட்டர் ஆகிறது என்று கேள்விகள் போகும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். சாப்பிடும் மாத்திரை எது, வேலை நேரம் என்ன, சிறுநீரகப் பரிசோதனை ரிசல்ட் என்ன என்பதையும் பார்ப்பார்.

ஓர் உதாரணத்துக்கு, இரவு எட்டு மணிக்குத் தறிக்குப் போய்க் காலை எட்டு மணிக்கு வருகிற தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'நான் இனிப்பே தொடுறதில்லைங்க' என்றுதான் அவர் சொல்வார். பொய்யும் இல்லை. ஆனால் தூக்கம் வராமல் இருக்க ராத்திரியில் நாலு டீ, வீட்டில் இரண்டு டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டிலிருந்து பத்து கிராம் சர்க்கரை. ஆறு டீயில் 50 கிராமைத் தொட்டுவிடும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. லட்டு, ஜாங்கிரி எதையும் தொடாமலேயே இரண்டு மடங்கு!

இந்தக் கணக்கை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் ஆலோசனையின் பாதி வேலை. 'டீ இல்லாம தறி ஓட்ட முடியாதுங்க' என்று பதில் வரும். சரி, டீ இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு டீயிலும் ஒரு ஸ்பூன் மட்டும். அடுத்து ராத்திரி டீக்களில் இரண்டு மட்டும் சர்க்கரை இல்லாமல். கூடச் சாப்பிடும் பன்னுக்குப் பதில் ஒரு அவித்த முட்டை, இல்லை ஒரு கைப்பிடி வறுத்த கடலை. இதில் எதுவும் பெரிய தியாகம் இல்லை. அதனால்தான் மூன்றாவது மாதமும் தொடர வாய்ப்பு இருக்கிறது.

இணையத்தில் சுற்றும் டயட் சார்ட்களில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில் என்று இருக்கும். எண்ணெய் ஆலைகள் நிறைந்த வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்தில் ஒருவரை ஆலிவ் ஆயில் வாங்கச் சொல்வதைவிட வேடிக்கை இருக்க முடியாது. தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ, அளவுதான் பேச வேண்டிய விஷயம்.

கொங்குச் சமையலிலேயே டயட்டீஷியனுக்கு வேண்டிய பொருள் நிறைய இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு எல்லாமே புரதம்தான். நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. முருங்கை விளைகிற ஊர் என்பதால் கீரைக்கும் பஞ்சமில்லை. வீட்டில் செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் அதே ருசி, வேறு கணக்கு. புது உணவைப் பழக்குவதைவிட இருக்கும் உணவின் விகிதத்தை மாற்றுவது எளிது.

இன்னொன்று. சாப்பாட்டை மாற்ற வேண்டியவர் ஒருவர், அதைச் சமைப்பவர் இன்னொருவர். அனுபவமுள்ள நிபுணர்கள் 'அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க' என்று சொல்வது இதனால்தான். அப்படி வருகிற அம்மாவே காலையில் பனியன் கம்பெனி வேலைக்கு ஓடுகிறவராக, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவராக இருப்பார். அவருடைய ரத்தச் சோகை அன்றைக்குத்தான் பேச்சுக்கே வரும்.

சப்பாத்திக்கு மாறினால் சரியாகுமா?

தமிழ்நாட்டில் அதிகம் நம்பப்படும் விஷயம் இது. ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, அல்லது கேழ்வரகுக் களி. எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தியாப் ஆய்வுக் குழு 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த நம்பிக்கையை நேரடியாகத் தொடுகிறது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் ஐந்து சதவீத அளவை பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றுவதோடுதான் குறைந்த ஆபத்து சேர்ந்து காணப்பட்டது. கேழ்வரகில் கால்சியம் அதிகம், அது உண்மை. ஆனால் மூன்று உருண்டைக் களியும் மாவுச்சத்துதான்.

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது என்பதும் இங்கேதான் வரும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்குப் பருப்பும் கீரையும் இளநீரும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஓடுகிற தறிக்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு மயங்கி விழுவது சின்ன விஷயம் இல்லை. யூடியூப் பார்த்து விரதம் இருக்கத் தொடங்குகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை காதில் விழுவதே இல்லை.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. முக்கியமான ஆதாரங்களில் சில சென்னையிலிருந்தே வந்தவை.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாகின. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. 'எடை குறையலையே' என்று மூன்றாவது மாதமே கைவிடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

தொழிலாளர் ஊர்களுக்கு இன்னும் பொருத்தமானது இதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. தென்கிழக்கு இந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரில் ஆலோசனை தரப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதற்குப் பிறகு செல்போனில் எஸ்எம்எஸ் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது.

அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான புகழ்பெற்ற தடுப்பு ஆய்விலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 16 பாடங்கள் நடத்தினார்கள். நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

இந்த ஆய்வுகள் 'டயட்டீஷியன் வைத்திருந்த மந்திரக் கோல்' பற்றியவை அல்ல. ஒரு முறை சொல்வதைவிடத் திரும்பத் திரும்பக் கேட்பதும், மாற்றுவதும், ஞாபகப்படுத்துவதும்தான் பழக்கத்தை அசைக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன. அப்படியென்றால், ஒரே ஒரு தடவை டயட்டீஷியனைப் பார்த்து அச்சடித்த தாளோடு திரும்பினால், அது டாக்டரின் ஒரு வரியைவிடக் கொஞ்சம் நீளமான வரி, அவ்வளவுதான்.

யார் டயட்டீஷியன்?

கையில் மைக்கும் கேமராவும் இருந்தால் யார் வேண்டுமானாலும் 'நியூட்ரிஷனிஸ்ட்' ஆகிவிடும் காலம் இது. இதை ஒழுங்குபடுத்துவதற்கான சட்டம் 2021-ல் வந்தது. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரும் இருக்கிறார்கள். போகும் முன் உணவியல் அல்லது ஊட்டச்சத்தில் பட்டம் இருக்கிறதா, மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை. இந்திய டயட்டெடிக் சங்கத்தின் 'ஆர்.டி.' பதிவும் ஓர் அடையாளம். முதல் சந்திப்பிலேயே பவுடர் டப்பா விற்கிறவரிடம் எழுந்து வந்துவிடலாம்.

மேற்கு மாவட்டங்களுக்கு இந்தத் துறை புதிதல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வில் இருக்கிறது. கோவை அவினாசிலிங்கம் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் வளர்த்தெடுத்த மனையியல், ஊட்டச்சத்துப் படிப்பில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

வெள்ளகோவிலிலிருந்து எப்படிப் போவது?

சிக்கல் இங்கேதான். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் திருப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. தனியார் ஆலோசனை என்றால் கட்டணம் வேறு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, சர்க்கரை நோயாளிக்கு முதல் ஆண்டில் மூன்று மணி நேரமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு மணி நேரமும் டயட்டீஷியன் ஆலோசனைக்குப் பணம் தருகிறது. இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளியிடம் இஎஸ்ஐ-க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்தச் சந்தா கட்டுகிறவர், இஎஸ்ஐ மருத்துவரிடம் உணவு ஆலோசனைக்குப் பரிந்துரை கேட்கலாம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னத் தறிப் பட்டறைகள் பொதுவாக இந்த வளையத்துக்கே வெளியே இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறு பேராகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் நிலை இன்னும் சிரமம்.

ரேஷன் கடையும் இதில் சம்பந்தப்பட்டதுதான். அரிசி இலவசம், பாமாயில் மானிய விலை, துவரம் பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டு என்று சொல்லும் நிபுணர், ரேஷன் பைக்கு நேர் எதிராகப் பேசுகிறார். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று இந்தப் பகுதித் தென்னை விவசாயிகள் கேட்பதற்கு விலைதான் காரணம். பருப்பைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்க அப்படி ஒரு சங்கம் இல்லை.

முதல் சந்திப்புக்கு மட்டும் நேரில் போய், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை போனில் பேசுவது என்று ஏற்பாடு செய்துகொள்கிறவர்களுக்குக் கூலி இழப்பு குறையும். போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, மூன்று நாள் சாப்பிட்டதையும் குடித்ததையும் மறைக்காமல் எழுதிய ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. கறிக்குழம்பு கணக்கில் வராமல் போகக் கூடாது.