பூட்டு திண்டுக்கல்லில், சாவி டில்லியில்!

தோழனே!

ஒரு கணக்குப் போட்டுப் பார். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியே ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதே மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா நிலையம் 350 கிலோமீட்டர்தான்! மாநிலத்தின் தலைநகரைவிட, கடல் கடந்த கொழும்பு நமக்குப் பக்கம். டில்லியோ 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். இது அளவுகோல் சொல்லும் கதை. ஆட்சிக்கோல் சொல்லும் கதையோ வேறு!

ஐதர் அலியின் உடன்பிறந்தாள் அமீருன்னிசா பேகத்தின் பெயர் தாங்கி நிற்கும் பேகம்பூருக்கு வா. தோல் பதனிட்டுப் பிழைத்த ஊர். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களைத் திண்டுக்கல் சீமையெங்கும் காணலாம். அந்தப் பிள்ளை துபாயில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சென்னை. அதன் பிறகு? பெட்டியும் கையுமாக இரயிலேறி, மேலும் ஆறேழு மணி நேரம்! கடலைத் தாண்டக் கால் பகல். கரையைத் தாண்ட அதைவிட அதிகம். இறந்த தந்தையின் முகம் காண ஓடிவருபவனுக்கு இந்த வேறுபாடு வெறும் கணக்கா? கபுறடியில் போய் நிற்கும் கொடுமையல்லவா!

எழுபத்தைந்து கிலோமீட்டரில் மதுரை நிலையம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 2012-இல் அங்கிருந்து கொழும்புக்கு விமானம் பறந்தது. 2013-இல் துபாய்க்குப் பறந்தது. ஆயினும், பன்னாட்டு நிலையம் என்ற பெயருக்காக அதன் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் மனு எழுதிக் கை வலித்தது நமக்கு. காரணம் கேள். எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இல்லையேல், ஓடுபாதை எவ்வளவு நீண்டாலும் அயல்நாட்டு நிறுவனம் அங்கு வழக்கமான சேவை நடத்த முடியாது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது டில்லி. தமிழ்நாட்டு அரசுக்கு அங்கே நாற்காலி இல்லை!

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டு. மத்தியப் பட்டியலில் 29-ஆவது இனம்: வான்வழி, விமானம், விமான நிலையம் அனைத்தும் மத்திய அரசுக்கே. ஓடுபாதையை நீட்ட நிலம் எடுத்துத் தருவது மாநில அரசு. நிலத்தை இழப்பவன் நம் உழவன். அனுமதி தருவது மட்டும் அங்கே. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்கு இது புரியாதா? பூட்டு நம் வாசலில். சாவி அவர்கள் மடியில்!

"விமானம் சீமான்களின் ஊர்தி, உங்களுக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நகையை அடகு வைத்துப் பயணச்சீட்டு வாங்கியவனா சீமான்? "வானத்தைக் கூறு போடலாமா?" என்பார் இன்னொருவர். வானத்தை நாம் கேட்கவில்லை, ஐயா! விமானங்களுக்கு வழிகாட்டுங்கள், பாதுகாப்பைப் பாருங்கள், தடுக்கவில்லை. எங்கள் மண்ணில் எந்த ஊருக்கு வாசல் திறப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்கிறோம்.

இராசமன்னார் குழுவை 1969-இல் அமைத்ததும், 1974-இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதும் ஏட்டிலே பூட்டி வைக்கவா? தோழனே, தெருமுனையில் நின்று இந்தக் கணக்கைச் சொல். கொழும்பு 350, சென்னை 420, டில்லி 2,000. தொலைவு வானத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்று சொல். கேட்பவன் வீட்டிலும் ஒரு தாய் காத்திருப்பாள், அவன் புரிந்துகொள்வான்!