அழகான குறை யாருடையது?

கேமரா வைத்திருப்பவர்களிடமும், இப்போது நல்ல செல்போன் வைத்திருப்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. பாட்டியின் முகச் சுருக்கம், காரை பெயர்ந்த சுவர், வெடித்த ஏரிப்படுகை, தார் உரிந்த பரிசல் என்று எதையாவது கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டால் அது ஆழமான படம் என்பதே அந்த நம்பிக்கை. ஏன் என்று கேட்டால் ஜப்பானைக் கைகாட்டுகிறார்கள். பழசிலும் பழுதிலும் அரைகுறையிலும் அழகு காணும் வாபி-சாபி என்னும் அந்நாட்டு அழகியல், புகைப்பட ஆர்வலர்களின் பேச்சில் இன்று தாராளமாகப் புழங்குகிறது. தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர் வட்டாரம் இந்த ரசனைக்குத் தோதான இடம். ஒகேனக்கல் அருவி பார்க்க வருகிறவர் கொஞ்சம் தள்ளி வந்தால் போதும். மேட்டூர் அணைத் தண்ணீர் பரந்து கிடக்கும் நாகமரை, ஒட்டனூர்த் துறைகள், மானாவாரிக் கேழ்வரகுக் காடு, திண்ணையில் வெற்றிலை இடிக்கும் முதியவர்கள் என்று எல்லாம் ஒரே நாளில் கேமராவுக்குள் அடங்கிவிடும். இந்த ரசனையில் ஒரு கோளாறு இருக்கிறது. குறையின் அழகை அது எப்போதும் அடுத்தவர் மேலேயே தேடுகிறது. தன் முகம் என்று வரும்போது அதே விரல் வழவழப்பாக்கும் பொத்தானைத் தட்டுகிறது. பிறர் குறையை ரசித்துத் தன் குறையை மறைக்கும் இந்தப் பழக்கத்துக்கு, அந்த அழகியலை வளர்த்த ஜப்பானியத் தேநீர்க் குருமார்களைத் துணைக்கு அழைப்பது அநியாயம். அவர்கள் செய்தது இதற்கு நேர் எதிர்.

15ஆம் நூற்றாண்டில் ஜப்பானியப் பிரபுக்களின் தேநீர் விருந்து, சீனத்திலிருந்து வந்த விலையுயர்ந்த பாத்திரங்களைப் பரப்பிக் காட்டும் சந்தர்ப்பமாக இருந்தது. முராத்தா ஜுக்கோ அதற்குள் உள்ளூர்ச் சொரசொரப்பு மண்பாண்டங்களைக் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் சென் நோ ரிக்கியு அந்த வழியை அதன் எல்லைவரை நடத்திச் சென்றார். அவர் வடிவமைத்ததாகக் கருதப்படும் தையான் என்னும் தேநீர்க் கூடம் இரண்டே பாய் விரிக்கும் அளவு; சுவர் மண்; எப்பேர்ப்பட்டவரும் குனிந்து ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். ரிக்கியு பணிபுரிந்ததோ தோயோதோமி ஹிதேயோஷியிடம். நாட்டையே கையில் வைத்திருந்த அந்த மனிதர், தங்கத் தகடு பொதிந்த தேநீர் அறை ஒன்றைச் செய்து 1586இல் பேரரசரின் அரண்மனைக்கே கொண்டுபோய்க் காட்டியவர். தங்கம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது மண்ணைத் தேர்ந்தெடுத்ததில்தான் அந்த அழகியலின் சத்தே இருக்கிறது. உடைந்த கோப்பையை அரக்கும் பொன்தூளும் கொண்டு ஒட்டும் கிந்த்சுகி வேலையும் இப்படித்தான். ஒட்டப்படுவது தன் வீட்டுக் கோப்பை. மறுபடி அதில் குடிக்கப்போவதும் அந்த வீட்டார். குறை ஒருவருக்கு, ரசனை இன்னொருவருக்கு என்று அங்கே பங்கு பிரிக்கவில்லை.

அப்படிப் பங்கு பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏரியூர் வட்டாரத்தில் பல் ஒன்றே போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் முதலில் சுண்ணாம்புத் திட்டுப் போல வெள்ளை விழும். கடுமையானால் மஞ்சள், பழுப்பு வரிகள் ஓடும். இன்னும் முற்றினால் பல் குழிகுழியாக அரிக்கும். எந்தப் பற்பொடி தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. வருடக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகி முதுகெலும்பும் விறைக்கும். இந்தப் பல் தெரியச் சிரிக்கும் முகத்தை நெருக்கத்தில் எடுத்து ‘கள்ளமில்லாச் சிரிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் பாராட்டு நிச்சயம். ஆனால் அந்தப் பழுப்பு வரி, நல்ல தண்ணீர் கிடைக்காத ஒரு குழந்தைப் பருவத்தின் கணக்கு. இதைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் திறப்பு, செலவு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய். அதற்கான கடன் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை வழியாக வந்தது. இனி எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்று ஜப்பானிடம் கடன் வாங்கித் தடுக்கப் பார்க்கிற ஒரு கறையை, ஜப்பானிய அழகியல் என்று சொல்லி நாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். காலம் தேய்த்த கோப்பையும் கவனிப்பாரின்றிக் கெட்ட பல்லும் ஒரே தராசில் நிற்கக்கூடியவை அல்ல.

பரிசல் கதையும் வேறில்லை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது மேட்டூர் அணை. 120 அடிக்கு நீர் நின்றால் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்தத் தேக்கத்துக்குள் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். நாளிதழ்களில் படம் வரும், கேமராக்காரர்கள் கூடிவிடுவார்கள். காலத்தின் கைவண்ணம் என்று அந்தப் படத்துக்குப் பொருள் சொல்லலாம். வீடும் நிலமும் விட்டு எழுந்துபோன குடும்பங்களின் முகவரி என்றும் சொல்லலாம். முதல் விளக்கம்தான் நமக்கு எளிதாக வாயில் வருகிறது. தண்ணீர் வற்றிய படுகை வெடித்துக் கிடப்பதை எடுப்பவர்கள், அதே படுகையில் ஈரம் காயுமுன் நிலக்கடலையோ கம்போ விதைக்கும் குடியானவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். விதைத்த நிலத்தில் விரிசல் தெரியாதே! அந்திச் சூரியனுக்கு எதிரே கறுத்துத் தெரியும் ஒற்றைப் பரிசலும் அப்படியே. இந்தக் கரை தருமபுரி, அந்தக் கரை சேலம். தண்ணீர்வழி போனால் கிட்ட, சாலைவழி போனால் வெகுதூரச் சுற்று. காற்றடித்தால் கரையில் காத்துக்கிடக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கரைக்காரர்கள் நெடுங்காலமாகப் பாலம் கேட்கிறார்கள். பாலம் வந்துவிட்டால் படம் கெட்டுவிடுமே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம் எட்டிப்பார்க்கும் ரசிகர், தன் அழகியல் யார் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துகொள்ளலாம்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். ஒரு அழுத்தலுக்குள் பல படங்களைச் சுட்டு ஒன்றாக்கி, நிழலை வெளுத்து, முகத்தைத் தூக்கிக் காட்டும் வேலையை இன்றைய செல்போன் கேட்காமலே செய்கிறது. போதாதென்று மேலே ஒரு வழவழப்பும் போடுகிறோம். இது புதுப் பழக்கமும் இல்லை. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி அம்மைத் தழும்பை மறைத்தார்கள். இன்று கணினியில் நிறத்தையே இரண்டு படி ஏற்றித் தருகிறார்கள். குடும்பக் கூட்டத்தில் அத்தை கண்ணை மூடிவிட்டால் படம் அழிகிறது. அடுப்படியில் அம்மா திரும்பிய வேகத்தில் உருவம் கலங்கிவிட்டால் அதுவும் அழிகிறது. பலன் என்னவென்றால், அம்மா இறந்த அன்று வீட்டில் அம்மா படம் இல்லை. ஆதார் அட்டையிலிருந்தோ கல்யாண ஆல்பத்துக் கூட்டத்திலிருந்தோ தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானமும் மேலே இரண்டு புறாவும் ஒட்டி, கழுத்துச் சுருக்கத்தையும் கன்னத்து மச்சத்தையும் துடைத்துக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டுகிறோம். தினமும் பேசிப் பழகியவர்கூடப் பெயரைப் படித்த பிறகுதான் ஆளை அடையாளம் காண்கிறார். அதே வயதுப் பெண்மணி முன்பின் தெரியாத ஊர்க்காரர் என்றால், அதே கணினியில் ஒவ்வொரு சுருக்கமும் கத்தி போலக் கூராக்கப்படுகிறது. ஒருவருக்குத் துடைப்பு, இன்னொருவருக்குத் தீட்டல். இரண்டுமே பொய்தான் என்றாலும் இரண்டாவது பொய்க்கு மட்டும் கலை என்று பெயர்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தேநீர்க் குருமார்களும் பிறருடைய எளிமையைத்தானே எடுத்துக்கொண்டார்கள்? ஜப்பான் தலைமேல் வைத்துக் கொண்டாடிய இடோ கோப்பைகள் கொரியாவில் சாமானியர் புழங்கிய பாத்திரங்கள் என்றுதானே சொல்லப்படுகிறது? உண்மை. ஆனால் அந்தக் கோப்பையை அவர்கள் கைநீட்டிச் சுட்டவில்லை, தங்கள் உதட்டில் வைத்தார்கள். தங்கள் வீட்டின் முதன்மைப் பாத்திரமாக்கினார்கள். ரசித்ததைத் தங்கள் வாழ்க்கைக்குள் அனுமதித்தார்கள். அதே வரலாற்றில் இருண்ட பக்கமும் இருக்கிறது. 1592இல் தொடங்கி 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடியபோது, அந்நாட்டுக் குயவர்களைச் சிறைபிடித்துக் கடல் கடத்தினார்கள். கோப்பைமேல் கொண்ட பிரியம் அதைச் செய்த கைகள்மேல் இரக்கமாக மாறவில்லை. பொருளை ரசிக்கத் தெரிந்ததாலேயே மனிதரை மதிக்கத் தெரிந்துவிடும் என்பதற்கு ஜப்பானே உத்தரவாதம் தரவில்லை. அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு அழகியலை மட்டும் இறக்குமதி செய்வதால்தான் நமக்கு இந்தத் தடுமாற்றம்.

வறுமையைப் படம் பிடிக்கவே கூடாதா என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாகப் பிடிக்க வேண்டும். 1943 வங்காளப் பஞ்சத்தைச் சுனில் ஜானா எடுத்த படங்கள் இல்லையென்றால் அந்தக் கொடுமையின் சாட்சியத்தில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். அவை கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகையில் செய்தியோடு வந்தன. எந்த ஊர், என்ன நடந்தது, யார் பொறுப்பு என்ற கேள்வியோடு வந்தன. ஜப்பானில் மினமாட்டா நகரத்துப் பாதரச நஞ்சை டபிள்யூ. யூஜீன் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் அங்கேயே தங்கிப் படமெடுத்தார். அதில் நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனாலும் மகள் காலமான பின், பெற்றோரின் மனமறிந்து, 1990களின் இறுதியில் அந்தப் படத்தை இனி வெளியிடுவதில்லை என்று உரிமை வைத்திருந்த எய்லீன் ஸ்மித் முடிவு செய்தார். காரணம் சொல்லும் படமே சம்பந்தப்பட்டவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. காரணத்தை மறைத்து, ஊரையும் பெயரையும் கழற்றி, ‘முதுமை’ என்றோ ‘மண்ணின் முகம்’ என்றோ பொதுப்பெயர் ஒட்டும் படத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை, அந்தப் பயனும் இல்லை.

எடுக்கப்படுகிறவர்கள் சந்தோஷமாகத்தானே நிற்கிறார்கள் என்பார்கள். நிற்கிறார்கள், நிற்பதற்கு முன் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். முந்தானையைச் சரிசெய்வார், முடியை ஒதுக்குவார், “இருப்பா, வேற சீலை மாத்திட்டு வந்துடறேன்” என்பார். தான் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதில் அவருக்கென்று ஒரு தீர்மானம் இருக்கிறது. அவர் தயாராகுமுன் அமுக்கிவிட வேண்டும் என்பதே ‘இயல்பான படம்’ என்று நாம் கற்ற பாடம். சரி, சுருக்கம் அழகில்லையா, எல்லாம் பளிச்சென்றுதான் இருக்க வேண்டுமா என்றால், பளிச்சென்ற படத்துக்கு இங்கே யாரும் வக்காலத்து வாங்கவில்லை. 1968இல் தோன்றிய ‘ப்ரொவோக்’ இதழைச் சுற்றி இயங்கிய ஜப்பானியப் புகைப்படக்காரர்கள், தைதோ மொரியாமா உட்பட, சொரசொரப்பும் ஆட்டமும் கலங்கலுமான படங்களை வேண்டுமென்றே எடுத்தார்கள். கலங்கியது அவர்களுடைய சட்டகம், ஆடியது அவர்களுடைய கை. பிழையைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளும் அந்தத் துணிச்சல்தான் நாம் கடன் வாங்கத் தகுந்தது.

ஆகவே அன்றாடப் புகைப்படத்தில் குறையின் அழகைக் கொண்டாட விரும்புகிறவர் தன் செல்போனிலிருந்து தொடங்கலாம். வழவழப்பை அணைத்துவிட்டுத் தன் முகத்தை எடுக்கலாம். கண் மூடிய அத்தையையும் கலங்கிய அம்மாவையும் அழிக்காமல் அச்சுப்போட்டு வைக்கலாம். ஏரியூரில் ஒரு பெரியவரை எடுத்தால், அவர் விரும்பியபடி நிற்கவைத்து எடுத்துப் பிரதியை அவர் கையில் கொடுக்கலாம். கறைப் பல்லையோ வற்றிய படுகையையோ எடுத்தால் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்து எழுதலாம். இவ்வளவும் செய்தபின் படமெடுத்தவருக்கு அந்தப் பழைய ரசனை மிஞ்சியிருந்தால் தாராளமாக ஜப்பானின் பெயரைச் சொல்லிக்கொள்ளட்டும். தன் வீட்டுக் குறையைச் சுவரில் மாட்டத் துணியாதவருக்கு அடுத்த வீட்டுக் குறையை அழகென்று தீர்ப்புச் சொல்லும் தகுதி கிடையாது.