ஆன்லைன் டிகிரி: ரெக்கார்டட் வீடியோ பார்த்தால் போதுமா? தானாகப் படிக்கணுமா? - விரிவான அலசல்

கிண்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து, ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் ஏறும் ஒரு இளைஞர், நின்றபடியே செல்போனில் பாடம் கேட்கலாம். வேலையை விடாமலே ஒரு டிகிரியும் வாங்கலாம். ஆனால், வீடியோவைப் பார்த்து முடித்தால் படித்து முடித்ததாக ஆகுமா? பல ஆயிரம் ரூபாய் கட்டணமும் சில ஆண்டு உழைப்பும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன.

முன்பு எப்படி இருந்தது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. புத்தகம் தபாலில் வரும். படிப்பது, புரிந்துகொள்வது, பரீட்சைக்குத் தயாராவது பெரும்பாலும் மாணவரின் பொறுப்பு. சுயமாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கரையேறினார்கள். மற்றவர்கள் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று புத்தகத்தைப் பரணில் போட்டார்கள்.

இப்போது புத்தகம் இருந்த இடத்துக்கு வீடியோ வந்திருக்கிறது. பரண் மட்டும் செல்போனுக்கு மாறிவிட்டது!

வீடியோவின் பலம், பலவீனம் என்ன?

புரியாத இடத்தை நிறுத்தி, திரும்பக் கேட்கலாம். வகுப்பறையில் கை தூக்கக் கூச்சப்படுபவருக்கு இது பெரிய உதவி. ஆனால், ஆசிரியர் விளக்கும்போது 'புரிஞ்சிடுச்சு' என்று தோன்றுவது வேறு, தனியாக உட்கார்ந்து கணக்கைப் போடுவது வேறு.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு உதாரணம். ஒரு பத்தியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து நினைவில் வைத்திருந்தது 42 சதவிகிதம். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு நினைவில் இருந்தது 56 சதவிகிதம். இது புத்தக வாசிப்பை வைத்துச் செய்த சோதனை என்றாலும், ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

சென்னை ஐஐடி என்ன செய்கிறது?

2020 ஜூனில் சென்னை ஐஐடி ஆன்லைன் பட்டப்படிப்பை அறிமுகம் செய்தது. ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். இதிலும் பாடங்கள் ரெக்கார்டட் வீடியோக்கள்தான். ஆனால், அவை வாரா வாரம் வெளியாகும். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட்டுக்குக் கெடு தேதி உண்டு. அதில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. தேர்வையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

அதாவது, வீடியோ பாடத்தைச் சொல்கிறது. கெடுவும் தேர்வும்தான் மாணவரைப் படிக்க வைக்கின்றன.

யுஜிசி விதி என்ன சொல்கிறது?

யுஜிசியின் 2020 விதிமுறைகளின்படி, ஆன்லைன் படிப்பில் வீடியோ பாடம், வாசிக்கும் பாடம், சந்தேகம் கேட்டு விவாதிக்கும் தளம், சுயமதிப்பீடு என நான்கு பகுதிகள் இருக்க வேண்டும். வீடியோ நான்கில் ஒன்றுதான். மதிப்பெண்ணிலோ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 சதவிகிதம், இடைப்பட்ட மதிப்பீடுகளுக்கு அதிகபட்சம் 30 சதவிகிதம். ஆக, ஆறு மாதம் வீடியோவை ஓட்டிவிட்டு, கடைசி வாரத்தில் முட்டி மோதுவதற்கு இந்த முறையும் இடம் கொடுக்கிறது.

சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

'எத்தனை மணி நேர வீடியோ' என்று விளம்பரம் சொல்லும். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. அசைன்மென்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதைத் திருத்துவது யார்? சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர் இருக்கிறாரா? தேர்வு எங்கே, எப்படி நடக்கும்? அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிடுவதும் அவசியம்.

மாணவர் தரப்பிலும் ஒரு கணக்கு உண்டு. மெட்ரோவில் அரை மணி நேரம் வீடியோ பார்த்தால், வீட்டுக்கு வந்து அதே அளவு நேரமாவது நோட்டைத் திறந்து, வீடியோவை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தை ஒதுக்க முடியுமா என்பதை, கட்டணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.