‘த’ என்னும் தடைக்கல்

“இயற்பெயரின் முன் ‘த’ வாராது” என்பது நம் பாடசாலைகளில் மாணவர் நெட்டுருச் செய்யும் ஆங்கில விதிகளுள் ஒன்று. இது பாதி உண்மை. பாதி உண்மையை முழு விதியாக்கி, அதன் பேரால் புள்ளி வெட்டுவது எவ்வகையிலும் கல்வியாகாது.

பதுளையையே எடுத்துக்கொள்வோம். ‘ஊவா’ தனித்து நிற்பின் ‘த’ வேண்டா. ‘ஊவா புரொவின்ஸ்’ என வாக்கியத்தில் அமையும்போது அது முன்வந்து நிற்கிறது. நமுனுகுல என்னும் சிகரத்துக்கு இல்லை; அம்மலைத்தொடருக்கு உண்டு. துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு இல்லை. அதனைத் தோற்றுவிக்கும் பதுளு ஓயாவுக்கு உண்டு. தெமோதரைப் புகையிரத நிலையம் ‘த’ இன்றி நிற்க, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகப் பாதை நுழையும் புகழ்பெற்ற வளைவு ‘த’ பெறுகிறது. இவையனைத்தும் இயற்பெயர்கள் அல்லவோ?

ஒழுங்கு இல்லாமலில்லை. அது பெயரில் இல்லை; பெயர் கட்டப்பட்ட முறையிலும் பொருளின் வகையிலும் உள்ளது. ‘பேராதனை யுனிவர்சிற்றி’ என்போர் ‘த’ இடுவதில்லை. ‘யுனிவர்சிற்றி ஒவ் பேராதனை’ என்போர் இடவே வேண்டும். நிறுவனம் ஒன்றே. அரசியலும் இதிற் கலக்கும். உக்ரைன் 1991இல் சுதந்திரம் பெற்றபின் ஆங்கில ஏடுகள் அதன் முன்னிருந்த ‘த’வைப் படிப்படியாகக் கைவிட்டன. ஒரு நாட்டை இன்னொன்றின் பிரதேசம்போல அச்சொல் ஒலிக்கச் செய்தது என்பதே உக்ரைனியரின் முறைப்பாடு.

தொடக்க மாணவனுக்கு எளிய விதி போதும் என்பர் சிலர். எவனுக்குப் போதும்? வீட்டிலே ஆங்கிலம் கேட்டு வளரும் கொழும்புப் பிள்ளை விதியைப் பொருட்படுத்துவதில்லை. அவன் செவியே அவனைத் திருத்தும். லயத்துப் பிள்ளைக்கு விதியன்றி வேறு துணையில்லை. அவன் அதனை நம்பி மகாவலியை ‘த’ இன்றி எழுதுகிறான், புள்ளியை இழக்கிறான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான். இவ்வளவு பிந்தி வந்தவனுக்கு அரைகுறை விதியையா கையளிப்பது?

தமிழிலே இத்தகைய முன்னடை இல்லை. ஆயினும் பெயரொழுங்கு உண்டு. சிறப்புப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரவேண்டும் என்றார் தொல்காப்பியர். நம்மைத் திருத்தும் ஆங்கிலவாணர் எத்தனை பேர் இதனை அறிவர்?

தேம்ஸையும் அல்ப்ஸையும் விட்டுப் பதுளு ஓயாவையும் நமுனுகுலவையும் வைத்துப் பாடம் நடத்தட்டும். விதி தானே விளங்கும். இன்னொன்றும் கேட்கவேண்டியுள்ளது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு நம்மவரை ‘இந்தியத் தமிழர்’ எனப் பிரித்தது. ஆங்கிலக் கட்டுரைகளோ ‘த எஸ்டேற் தமிழ்ஸ்’ என்று தொழிலிடத்தையே இனப்பெயராக்கின. மலையகத் தமிழர் என நாமே நமக்கு இட்ட பெயரை ஆங்கிலத்தில் எழுதும் மாணவனிடம் “முன்னால் ‘த’ எங்கே?” என்று சிவப்பு மையாற் கேட்போர், அந்தப் பழைய பெயரில் ஒரு பிழையும் காண்பதில்லை.